வெள்ளை வளையத்தில் ஏறிய குங்குமம்

பினாங்குத் தீவில் பில்லியர்ட்ஸ் விளையாடுகிற எவனைக் கேட்டாலும் பிச்சைமுத்து கடை எங்கே என்று சொல்வான். சூலியா தெருவுக்குப் பின்னால், பத்தடி அகலக் கடை. அந்தப் பிச்சைமுத்து நான்தான். படிப்பு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. பதினோரு வயதில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் தரை கூட்டப் போனேன். முப்பது வயதில் சொந்தக் கடை வைத்தேன். மேசைக்குத் துணி இழுத்து ஒட்டுவதிலும், பந்தை அடிக்கிற கியூ கோலின் நுனிக்குத் தோல் மாற்றுவதிலும் என் கைக்கு ஈடு இந்தப் பக்கத்தில் கிடையாது. அக்கரையில் இருக்கிற கெப்பாலா பத்தாஸிலிருந்துகூட கோலைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறி வருகிறார்கள். இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. கூடத்தில் பாட்டில் உடைத்துச் சண்டை போட்டவர்களையெல்லாம் தனியாக விலக்கிவிட்டவன் நான். அப்படிப்பட்ட நான் போன அக்டோபரில் பயந்துபோனேன். அதற்குக் காரணம் ஒரு கோல்.

அந்தக் கோலைக் கொண்டுவந்தவர் நூர்ஜான். எதிர்ச் சந்தில் இருபது வருஷமாகக் காலையில் அப்பம் சுட்டு விற்கிறவர். அவர் கணவர் ஒரு காலத்தில் அக்கரைப் பட்டர்வொர்த் விமானத் தளத்துக் கேன்டீனில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கோல் அது. கணவர் அந்த வருஷ நோன்பு மாதத்தில் காலமாகிவிட்டார்.

"அண்ணே, இத கொஞ்சம் பாருங்க. பழைய சாமான் கடைக்காரரு சனிக்கிழம காலையில வர்றாரு. நூத்தம்பது வெள்ளி தரேங்குறாரு. குடுத்துடலாமா?"

அன்று புதன்கிழமை. கடையில் கூட்டம். ஒரு கையில் பசை. மறு கையால் கோலை வாங்கிப் பார்த்தேன். எங்கேயும் செய்தவர் பேர் இல்லை.

"தைவான் மெஷின் சரக்கும்மா. இருநூறு கேளு. நூத்தம்பதுன்னாலும் தள்ளிவிட்டுடு."

"நல்லா பாத்து சொல்லுங்கண்ணே."

"அறுவது வருஷமா பாக்குறேன்லா. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"ஆமா, இப்பவும் கண்ண மூடிக்கிட்டுதான் சொல்றீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நுனித் தோல் தேய்ந்திருந்ததால் மாற்றித் தருவதாகச் சொல்லி, கோலை வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கடையில் இருக்கிற அத்தனைக்கும், சுத்தியிலிருந்து கத்தரிக்கோல் வரை, சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். சுவரோடு நின்ற கோல்களுக்கும் வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். அன்று எதையும் தொடுவதில்லை. எல்லாம் அப்படியே சாமி முன்னால் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நூர்ஜானின் கோலில் சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. கைப்பிடியின் அடியில் ஒரு வெள்ளை எலும்பு வளையம் இருந்தது. அதில் சிவப்பு ஏறி நின்றது. அழுத்தித் துடைத்தேன். ம்ஹூம்.

 அடுத்தவர் பொருள், அதுவும் ஒரு முஸ்லிம் வீட்டுப் பொருள், இறந்துபோன மனிதருடையது. அதைக் கேட்காமல் என் பூஜையில் வைத்துக் கறையாக்கி இருக்கிறேன். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பத்து வருஷம் பேசாமல் இருந்தவர்கள் இந்தத் தெருவில் உண்டு.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் இன்னும் மோசமாயிற்று. கறை திட்டாக இல்லை, கோடு கோடாக இருந்தது. கீறி வைத்த எழுத்து, எறும்பு அளவுக்கு. இங்கிலீஷ் எழுத்து இரண்டு, பக்கத்தில் அறுபத்தெட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு ஒன்பது. வெறும் கண்ணுக்கு வெள்ளை மேல் வெள்ளையாகத் தெரியாமல் கிடந்ததைக் குங்குமம் காட்டிக் கொடுத்திருக்கிறது.

புதன்கிழமை செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கோலை மேசையில் உருட்டினேன். நேராக உருண்டது, ஒரு நூல் அளவுகூட ஆடவில்லை. இரண்டு பாதியையும் கழற்றினேன். உள்ளே தடித்த பித்தளைத் திருகாணி. கறுப்பு மரத்தில் பதித்த நான்கு கூர்மையான மர நாக்குகளின் முனையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. எந்திரத்தில் வந்த வேலை இல்லை. தைவான் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தேன்.

உப்புக் காகிதத்தை எடுத்தேன். இதை எழுதத்தான் வேண்டும். இரண்டு நிமிஷம் தேய்த்தால் சிவப்பும் போகும், எழுத்தும் போகும். நூற்றைம்பதுக்குக் கைமாறிவிடும், என் பேரும் பிழைக்கும். ஆனால் எழுத்தை அழிக்க மனம் வரவில்லை.  காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, வளையத்தையும் திருகாணியையும் படம் எடுத்து ஃபிக்ரிக்கு அனுப்பினேன். பட்டர்வொர்த்தில் பழைய கோல்களை வெளியூர்க்காரர்களுக்கு விற்றுக் கொடுக்கிறவர் அவர்.

ஒரு மணி நேரத்தில் அழைத்தார். மலாயில்தான் பேசினோம்.

"அங்கிள், அத யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. அமெரிக்காவுல ஒரு கெழவர் வீட்டுல உக்காந்து செஞ்சது. பேர அடி வளையத்துல ஒளிச்சு வைப்பாராம். அறுபத்தெட்டாம் வருஷத்துல ஒம்பதாவது கோல். பதினெட்டாயிரம் வெள்ளி போகும்."

கோலை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தேன்.

"ஆனா அந்தச் செவப்பு என்ன? அவரு கறுப்பு மைதானே போடுவாரு, அதுவும் இத்தன வருஷத்துல அழிஞ்சிருக்கும்."

"அது… ஏறிடுச்சு."

"தேய்க்காதீங்க. தேய்ச்சா எழுத்தே போயிடும். செவப்புக்கு ரெண்டு மூவாயிரம் கொறைச்சுக் கேப்பாங்க."

எதிர்ச் சந்துக்கு இருபத்தைந்து அடி. அன்று பட்டர்வொர்த் வரை நடந்தது போல இருந்தது. நூர்ஜான் அப்பச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நூர்ஜான், திட்டுறதா இருந்தா முழுசா கேட்டுட்டு திட்டு." ஒன்றுவிடாமல் சொன்னேன், விலையையும் சேர்த்து.

கையைத் துடைத்துக்கொண்டு கோலை வாங்கினார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டு சாமான பூஜையில வெக்க யாருண்ணே சொன்னா?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"யாரும் சொல்லல. கை தானா போயிடுச்சு."

"கையும் தானா போகுது, வாயும் தானா போகுது."

நின்றேன். அறுபது வருஷத் தொழில்காரன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"இத வெக்கலன்னா இந்த எழுத்து தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"அப்ப நாளைக்கு நூத்தம்பதுக்குப் போயிருக்கும்." கோலை மறு கைக்கு மாற்றினார். "இனிமே கேட்டுட்டு வைங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா கேளுங்க."

"சரிம்மா."

கோலை என்னிடமே நீட்டினார். "விக்கிற வரைக்கும் ஒங்க கடையிலயே இருக்கட்டும். வீட்டுல வெச்சா என் மருமக இதாலயே ஒட்டடை அடிச்சிடுவா."

"என் கடையிலயா?"

"பின்ன? பெரிய ஆளுலா நீங்க."

பெரிய ஆள் ஒன்பது நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. கையில் தே தாரேக் டீயோடு எவன் வந்தாலும் வாசலிலேயே நிற்கச் சொன்னேன். மழை தூறினால் எழுந்து போய்க் கூரையைப் பார்த்தேன்.

பத்தாம் நாள் ஃபிக்ரி வந்தார். பதினைந்தாயிரத்துக்கு வாங்க ஆள் தயார், பணம் நேராக நூர்ஜான் கணக்குக்கு. கோலை உறையில் போட்டுக் கொடுக்குமுன் அவரிடம் அத்தனையும் எழுதி வாங்கினேன். அதை நூர்ஜான் இரண்டு தரம் படித்தார். ஃபிக்ரி படகுத்துறைப் பக்கம் போனதும், இருவரும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பட்டர்வொர்த்தில் இறங்கிவிட்டேன், கோல் கையில்தான் இருக்கிறது என்று அவர் போன் பண்ணுகிற வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.