ஊசி கோக்கிற கண்

அம்மாவுக்குக் கண் போன கதையைக் கேட்கிறவர்கள், "முன்னாடியே கவனிச்சிருக்கலாமே" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கவனிக்காமல் என்ன? வாரா வாரம் டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்களைப் போல ஒரு கண்ணைக் கவனித்தவர்கள் குரோம்பேட்டைப் பக்கத்து அஸ்தினாபுரத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். கவனித்துக் கவனித்தே தொலைத்தோம்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் என்னையும் அண்ணனையும் ஆளாக்கினாள். முன்னறை ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின் இருக்கும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவள் அதை விடவில்லை. "போதும்மா, உட்காரு" என்று அண்ணன் சொன்னால், "உட்கார்ந்துதானே தைக்கிறேன்" என்பாள். சும்மா இருக்கச் சொன்னால் சாகச் சொன்ன மாதிரி முகம் வாடிவிடும். அந்த மெஷினுக்கு முன்னால் இருக்கும்போதுதான் அவள் யாருக்கும் பாரமில்லாதவள். அதற்குக் கண் வேண்டும்.

எங்கள் வீட்டில் கண்ணுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. ஊசியில் நூல் கோப்பது. தெருவில் நாற்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் நூலை எச்சில் தொட்டு, ஒரு கண்ணை மூடி, கையைத் தள்ளி வைத்துத் திண்டாடுவார்கள். அம்மா ஐம்பது தாண்டியும் கண்ணாடி இல்லாமல், பேசிக்கொண்டே கோத்துவிடுவாள். எதிரே யாராவது இருந்தால் கொஞ்சம் மெதுவாகவே கோப்பாள். பார்க்கட்டும் என்றுதான். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

எண்பதுகளின் நடுவில் அவள் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நிலைப்படியில் தோள் மோதும். தண்ணீர்க் குடத்தைக் காலால் தட்டிவிடுவாள். பக்கத்தில் வைத்த காபி டம்ளர் வாரத்துக்கு இரண்டு முறையாவது கவிழும். "எங்கே ஞாபகத்தை வெச்சுட்டு நடக்கிறே?" என்று நான் கத்துவேன். ஒருநாள் குரோம்பேட்டை ரயில்வே கேட் பக்கம் லைனிங் துணி வாங்கப் போனவளை, இடது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் தள்ளிவிட்டது. முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்து, அந்தப் பையனைத்தான் திட்டினாள். பெல் அடிக்கவில்லையாம். கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். ஊசியை எடுத்து நூலைக் கோத்துக் காட்டினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மாடியில் துணி உலர்த்தும்போது வலது கண்ணில் தூசு விழுந்தது. அந்தக் கண்ணை மூடிக் கசக்கியவள், "ஏண்டி, திடீர்னு இருட்டிட்டு வருது?" என்று கேட்டாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கண் எப்போதோ அணைந்துவிட்டது, அதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். அவருக்குப் புரை எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதனால் கண் விஷயத்தில் தெருவுக்கே அவர்தான் அதிகாரி. அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது புரைதாம்மா. ஆனா இன்னும் பழுக்கல. கருப்பாவே கீது பாரு. எனுக்கு நல்லா முத்தி, கண்ணு பாப்பா வெள்ளையா ஆன அப்பறந்தான் எடுத்தாங்க. இப்பவே போனா, போய்ட்டு பழுத்தப்பறம் வாம்மான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. சும்மா அலைஞ்சுகினு பேஜாரு."

அவர் ஒன்றும் கதை கட்டவில்லை. அந்தக் காலத்தில் புரை முற்றட்டும் என்று டாக்டர்களே திருப்பி அனுப்பியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். எனவே நாங்கள் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு அம்மா நாற்காலியில் வந்து உட்காருவாள். நான் டார்ச் அடிப்பேன். அண்ணன் குனிந்து பார்ப்பான். "வெளுத்திருக்கா?" "இல்லம்மா, கருப்பாத்தான் இருக்கு." அவள் ஏமாற்றமாக எழுந்து போவாள். நடுவில் நந்தியாவட்டைப் பூவை ஒற்றினோம், தேன் விட்டோம். கத்திரி வெயிலில் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது என்று கோடை போயிற்று. ஆடியில் வேண்டாம் என்று அது போயிற்று. அப்புறம் தீபாவளித் தையல். மாங்காய் பழுக்கக் காத்திருக்கிற மாதிரி ஒரு வருஷம் ஓடிவிட்டது. பழுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

அம்மாவை இழுத்துக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயினில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனது பொங்கல் கழிந்த பிறகுதான். அங்கே ஒரு பெண் டாக்டர் சோர்ந்த முகத்துடன், ஒவ்வொரு கண்ணாக வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"இது புரை இல்லம்மா. கண்ணுக்குள்ள அழுத்தம். க்ளாக்கோமான்னு பேரு. வலி இருக்காது, சிவக்காது. பின்னாடி இருக்கிற நரம்பை ஓரத்திலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிட்டு வரும். இடது கண் போயிடுச்சு. வலது கண்ல நடுவில மட்டும்தான் பார்வை மிச்சம்."

"ஊசி கோக்கிறாங்களே டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே வக்கீல் குரல் மாதிரி கேட்டது.

"ஊசிக் காது எவ்வளவு பெரிசு? மிச்சம் இருக்கிற இடத்துக்குள்ள அது அடங்கிடும். குடமும் சைக்கிளும் அடங்காது."

போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். காலையும் மாலையும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. இது குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகள் நாற்பதை நெருங்கும்போது வந்து காட்டுங்கள் என்றும் சொன்னார். திரும்பும்போது சைதாப்பேட்டை தாண்டியதும் அம்மா, "மருந்து போட்டா இடது கண்ணு திரும்புமா?" என்று கேட்டாள். இல்லையென்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம்.

சில வருஷம் ஒழுங்காகப் போட்டாள். தைத்துக்கொண்டும் இருந்தாள். ஆனால் அந்த மருந்தால் எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை. எரிச்சல் மட்டும் உண்டு. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் விடும். இதைப் போட்டால் என்ன ஆகிறது? இன்னும் கெடாமல் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? காலையில் மட்டும் போட்டாள். பிறகு கண் உறுத்தினால் மட்டும். நான் ஆபீஸ் போன பிறகு போட்டதாகச் சொல்லிவிடுவாள். ஒரு மாதத்தில் தீர வேண்டிய பாட்டில் தீராமல் நிற்பதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. வீடு அதிரக் கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். "போட்டாலும் அதேதான் தெரியுது, போடாட்டியும் அதேதான் தெரியுது. எதுக்குடி அப்புறம்?"

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நூலின் நுனி எச்சிலில் ஊறிப் பிரிந்து கிடந்தது. ஊசியை விரலால் தடவித் தடவி நூலைக் கொண்டுபோகிறாள், அது பக்கத்தில் போகிறது. மறுபடி கொண்டுபோகிறாள். என்னைப் பார்த்து, இல்லை, என் காலடிச் சத்தம் வந்த பக்கம் பார்த்து, "கொஞ்சம் கோத்துக் குடு" என்றாள். என் வாழ்க்கையில் அதற்கு முன் அவள் அதை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கோத்துக் கொடுத்தேன். அவள் தைக்கவில்லை. மெஷினை மூடியால் மூடினாள். அடுத்த கோடைக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவன்தான் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு பஸ் நம்பர் பல்லாவரத்திலேர்ந்தே தெரியுது, போடி" என்பான். ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு புது மெஷின் வந்திருந்தது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும். பார்த்ததும் பட்டனை அழுத்த வேண்டும். அண்ணன் முகம் வெளிறி நின்றான். "இதுக்கா பயப்படறே? நான் உட்கார்றேன், பார்த்துக்கோ" என்று நான் முதலில் உட்கார்ந்தேன்.

ஒரு கண்ணை மூடிக் கட்டினார்கள். வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். இன்னொன்று, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். புள்ளியையே பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன்.

"மெஷின் நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

மெஷின் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக, "இல்லக்கா. லைட்டு வந்துட்டேதான் இருக்கு" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றுமில்லை. திரும்பும் வழியெல்லாம் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஏதோ நான் இப்போதே விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி. உதறிவிட்டேன்.

வீட்டில் அம்மா மூடிய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். மறைத்து வைக்கத் தெரியாதவன். அம்மா தடவி, மெஷின் டிராயரைத் திறந்து, ஊசி டப்பாவையும் ஒரு நூல் கண்டையும் என் பக்கம் நீட்டினாள்.

"கோ, பார்ப்போம்."

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நூலைக் கொண்டுபோனேன். முதல் தடவையிலேயே போய்விட்டது.

"போச்சா?"

"போச்சும்மா."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்புறம் என்ன? உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மெஷினுக்கு என்ன தெரியும்" என்றாள்.

கோத்த ஊசியை அப்படியே டப்பாவில் குத்தி வைத்துவிட்டு, எனக்குச் சொட்டு மருந்து வாங்க அண்ணனைக் கடைக்கு அனுப்பினேன்.