லிவர்மோரில் பொன்னுசாமி வைத்த பிரார்த்தனை

சான் பிரான்சிஸ்கோ பக்கத்து சன்னிவேலிலிருந்து கிளம்பி ஜென் மடம், லிவர்மோர் கோயில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். 2001 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருக்கிறேன். நேரம், மைல் எல்லாம் பழைய டைரியில் இருக்கிறது. மற்றதற்கு டைரி தேவைப்படவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு எனக்கு வேலை போயிருந்தது. மனைவி மாலதிக்கு ஆறாவது மாதம். மாதக் கடைசியோடு இன்சூரன்ஸ் முடிகிறது, விசாவும் அந்தரத்தில். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. தினமும் காலை ஏழரைக்கு ஆபீஸ் போவதுபோல் கிளம்பி, மாலை ஆறரைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தவன் பொன்னுசாமி ஒருவன்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், அதே கம்பெனி. அவன் வேலை தப்பியிருந்தது.

"மாலதிகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா" என்று கெஞ்சியிருந்தேன்.

"சத்தியமா அண்ணிகிட்ட சொல்ல மாட்டனுங்ணா" என்றான்.

பொன்னுசாமி வெகுளி. மேனேஜர் போகிற போக்கில் "ஹவ் ஆர் யூ" என்றால் நின்று, வயிற்றுக் கோளாறு வரைக்கும் விவரமாகச் சொல்வான். ஆபீஸில் அவனை வைத்துச் சிரிப்போம். நானும் நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

ஜென் மடத்துக்குப் போகும் யோசனை என்னுடையது. அந்த நாட்களில் ஜென், தாவோ கதைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெரிய பண்டிதர் ஒருவர் கேள்வி கேட்பார். அடுப்படியில் கிடக்கிற மண்டு எதையோ சொல்லி வைப்பான். பண்டிதருக்கு ஞானம் வந்துவிடும். மண்டுவுக்கோ தான் என்ன சொன்னோம் என்றே தெரியாது. எனக்கும் யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா, மாலதியிடம் வாய் திறக்க ஒரு வழி பிறக்காதா என்றுதான் கிளம்பினேன். கதையில் நான் பண்டிதன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

காலை 7.20க்குக் கிளம்பினோம். பொன்னுசாமி டிரைவ் பண்ணினான். 280 நெடுஞ்சாலை பிடித்து, சான் பிரான்சிஸ்கோவைக் கடந்து, கோல்டன் கேட் பாலம் ஏறும்போது ஒரே மூடுபனி. எதிரே வரும் விளக்குகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாலதி வயிற்றில் கை வைத்தபடி தூங்கிக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டி, வளைந்து இறங்கும் மலைப்பாதை. மொத்தம் 58 மைல், ஒன்றே முக்கால் மணி நேரம்.

தியானத்துக்குப் பிறகு அங்கிருந்த ஆசிரியை ஒரு கதை சொன்னார். ஊர் ஊராக உண்மையைத் தேடி அலைந்த அறிஞர் ஒருவர், மடத்துச் சமையல்காரனிடம் "வழி எது?" என்று கேட்கிறார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தொடாதீர்கள், பானை சுடும்" என்கிறான். அறிஞர் அழுதுகொண்டே அவன் காலில் விழுகிறார். பொன்னுசாமி கையைத் தூக்கினான். அறிஞருக்குக் கை சுட்டுவிட்டதா இல்லையா என்று தன் ஆங்கிலத்தில் கேட்டான். சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்காமல், தலை தரையைத் தொடுமளவு அவனை வணங்கினார். அவன் பதறிப்போய்த் திருப்பிக் கும்பிட்டான். எனக்கு அவமானமாக இருந்தது.

12.15க்கு அங்கிருந்து புறப்பட்டோம். ரிச்மண்ட் பாலம் வழியாகப் போய் 580 பிடித்தால், நேராக லிவர்மோர், 60 மைல். இந்தச் சுற்றில் போனால் எந்தப் பாலத்திலும் டோல் இல்லை. திசை மாற்றிப் போனால் உண்டு. ஆக்லாந்து தாண்டியதும் பனி விலகி, காய்ந்த மலைகளும் வெயிலும். 1.40க்குக் கோயில்.

அர்ச்சனைக்கு நல்ல கூட்டம். குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டு, "என்ன பிரார்த்தனை?" என்றார். நான் வழக்கம்போல் "பொதுவா, எல்லாரும் நன்னா இருக்கணும்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து பொன்னுசாமி குரல்.

"சாமி, அண்ணனுக்கு வேலை போயிருச்சுங்க. மூணு வாரமாச்சு. மாசக் கடைசியில இன்சூரன்சும் முடியுதுங்க. அண்ணிக்கு ஆறு மாசம். அதுக்குள்ள ஒரு வேலை கிடைக்கோணும்."

குருக்கள் தலையாட்டிவிட்டு, என் பெயரையும் உத்தியோகத்தையும் சேர்த்து உரக்கச் சங்கல்பம் செய்தார். பக்கத்தில் மாலதி கூப்பிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள். தீபாராதனை முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் பொன்னுசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேடா!"

"அண்ணிகிட்ட நான் சொல்லலீங்களே. சாமிகிட்டத்தானுங்ணா சொன்னேன். சாமிகிட்டயும் மறைக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே!"

அவன் முகத்தில் விஷமம் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய் நின்றான். கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழி 38 மைல். வழியில் சுனோல் மலை ஏற்றம். அங்கேதான் மாலதி கேட்டாள்.

"மூணு வாரமா காலையில எழுந்து சாதம் கட்டிக் குடுத்தேனே, எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

வேலை எப்படிப் போயிற்று, இனி என்ன செய்வது, ஏன் சொல்லவில்லை, எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். இது அதில் இல்லை. "லைப்ரரி பார்க்கிங் லாட்ல, கார்லயே" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் தாங்கவில்லை. பொன்னுசாமி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

வேலை கிடைக்கவில்லை. ஜூனில் சென்னைக்குத் திரும்பினோம். மகள் இங்கேதான் பிறந்தாள்.

போகிறவர்களுக்கு: மடத்துக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், லிவர்மோருக்குத் தண்ணீர். கர்ப்பிணி கூட வந்தால் மலைப்பாதையில் இருபது மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், வண்டி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டால் அழுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைக்கும் பகல் ஒரு மணிக்கு மாலதியிடமிருந்து போன் வரும். செல்போனுக்கு இல்லை, ஆபீஸ் லேண்ட்லைனுக்கு. ரிசப்ஷனில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு, நான் எடுத்ததும், "சாப்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். வைத்துவிடுவாள்.