ஞாயிற்றுக்கிழமை போட்ட தளம்

1. சேலையூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் கூரைத் தளம் போட்டார்கள்.
2. அன்று காலை அப்பா வழக்கம்போல எங்களை அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார்.
3. அந்த வருடத்து மழையில் தளம் ஒழுகியது.
4. அப்பா ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துவதை விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாவதால்தான் நான்காவது நடந்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப்பெட்டி சூடாகாது. தையல் மெஷின் மூடியே கிடக்கும். மசாலாவை அம்மா சனிக்கிழமையே அரைத்துவிடுவாள். ஒருமுறை விருந்தாளிகள் வந்தபோது சர்க்கரை தீர்ந்திருந்தது. கடைக்குப் போகாமல் வெல்லம் போட்டுக் காபி கொடுத்தோம். இந்தச் சட்டங்களையெல்லாம் வைத்தவர் அப்பா. வார நாட்களில் கணக்கு வாத்தியார், ஞாயிறன்று பத்துக் கட்டளை வாத்தியார். வேலை எதுவும் செய்யாதே என்னும் ஓய்வுநாள் கட்டளைக்கு வரும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறும்.

அப்படிப்பட்டவரிடம்தான் மேஸ்திரி வந்து சொன்னார்: "சார், கலவ மிஷினு நாயித்துக்கெயமதான் காலியா கீது. அத்த வுட்டா அப்பால மய புடிச்சிக்கும்."

"வேண்டாங்க. மழை முடிஞ்சே போடலாம்" என்றாள் அம்மா.

"ஆடு பள்ளத்துல விழுந்தா ஓய்வுநாள்ல தூக்கக் கூடாதா?" என்று இயேசு கேட்டதையே அப்பா திருப்பிக் கேட்டார்.

"எந்த ஆடு விழுந்துச்சு? வாடகை வீட்டுல நல்லாத்தான இருக்கோம்?"

மறுநாள் அப்பா மெஷினுக்குச் சொல்லிவிட்டார்.

தளம் போடும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கலவையில் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். நீர்த்த கலவை தானாகவே ஓடிப் பரவும். இது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் ஆலயத்துக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

ஆராதனை முடிந்து வாசலில் ஆயர் அவரை நிறுத்தினார். "என்ன சார், தளம் எப்போ? ஜெபம் பண்ண நான் வரணுமே."

"அடுத்த வாரம் இருக்கும் ஐயா. சொல்றேன்."

மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தோம். அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "அப்பா, இன்னிக்குத்தான..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையை இறுக்கி அழுத்தினார். ஆயர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

புது வீட்டுக்குக் குடிபோன பிறகு வந்த மழையில் சமையலறை மூலை சொட்டத் தொடங்கியது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். "புதுத் தளம் சார். ரெண்டு மய குடிச்சா செட்டாயிடும்."

அம்மா அண்டாவை நகர்த்தி வைத்துக்கொண்டே, "ஆண்டவர் அடிச்சிட்டார்" என்றாள். அப்பா மறுக்கவில்லை. எனக்குத்தான் கணக்கு உதைத்தது. நாங்கள் போட்ட அதே மாதம், கிழமை பார்க்காமல் நல்ல நேரம் மட்டும் பார்த்துத் தளம் போட்ட பக்கத்து வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளி என்றால் அப்பாவுக்குத் தொண்டை வலித்தது. அப்புறம் டியூஷன் இருந்தது. வீட்டு ஜெபத்தில் அம்மாவையே ஜெபிக்கச் சொன்னார். ஆலயத்தில் முன்வரிசையிலிருந்து நகர்ந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தளம் ஒழுகிய கோபம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

சிவில் இன்ஜினியரிங் படித்து முடித்ததும் அம்மாவுக்கு விளக்கினேன். கலவையில் தண்ணீர் கூடினால் காயும்போது உள்ளே நுண்துளைகள் விழும், அந்த வழியாகத்தான் ஒழுகுகிறது; திங்கட்கிழமை போட்டிருந்தாலும் ஒழுகியிருக்கும், இதில் ஆண்டவரை இழுக்காதே என்றேன்.

"சரிடி இன்ஜினியர். அப்பா அங்க நின்னிருந்தா தண்ணிய அதிகமா ஊத்தியிருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப ஏன் நிக்கல?"

அன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

ஓய்வுநாளை மீறியதை மறைக்க அப்பா ஆலயத்துக்குப் போனார். அங்கே கேட்ட ஆயரிடம் பொய் சொன்னார். அந்த ஆயரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போனார். இதில் எந்த இடத்திலும் வானத்திலிருந்து ஒரு கை நீளவில்லை. ஆண்டவர் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே அப்பா நம்பினார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோனது அவர்தான். அந்த வயதில் நான் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஓடு பதித்து ஒழுகலை நிறுத்திவிட்டோம். அப்பா இப்போதும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார். அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்கு அழைக்கும்போது அம்மா எழுந்துகொள்கிறாள். அவள் கடந்து போவதற்காக, அப்பா உட்கார்ந்தபடியே முழங்கால்களை ஒதுக்கி வழிவிடுகிறார்.