பன்னிரண்டுக்கு நான் சொன்ன ஆஜர்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றும் எனக்குத் தடுமாற்றம். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நேரில் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டால், நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதுமே வராது. அப்படி வாய் திறக்காமல் நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் தோல் பை பட்டறை முதலாளியை எல்லோரும் அவில்தார் என்றே கூப்பிடுவோம். பர்மா சண்டைக்குப் போய் இடது முழங்காலில் குண்டுச் சில்லோடு திரும்பியவர். பட்டாளத்திலிருந்து வந்ததும் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு தையல் மிஷினும் வைத்துத் தொடங்கினாராம். நான் சேர்ந்தபோது இருபது பேர் வேலை செய்தோம். ஊரிலிருந்து வேலை தேடி வருகிற எவனையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. படுக்க இடமில்லை என்றால் பட்டறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்வார்.

தினமும் காலை எட்டு மணிக்கு எங்களை வரிசையாக நிறுத்தி ஆஜர் எடுப்பார். பெயர் கிடையாது, நம்பர்தான். அவர் நோட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். நாங்கள் ‘ஆஜர்’ என்று கத்த வேண்டும். ஆறு கூப்பிட்டதும் “ஏழு” என்பார். ஏழாம் நம்பரில் ஆளே கிடையாது. புதிதாக வருகிறவனுக்கும் அந்த நம்பரைக் கொடுக்க மாட்டார். ஆனாலும் கூப்பிடுவார். நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, எங்களைத் தாண்டி, சந்தின் அந்தக் கோடிவரை பார்ப்பார். யாரோ ஓடி வருவதற்கு நேரம் கொடுப்பது போல இருக்கும். பிறகு “எட்டு” என்பார். முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்துப்போன மகன் என்று ஒருவன் சொன்னான், பட்டறையில் தூக்குப் போட்டுக்கொண்ட ஆள் என்று இன்னொருவன் சொன்னான். அவரிடம் கேட்க எவனுக்கும் தைரியம் இல்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஒருவனுக்காக இன்னொருவன் ஆஜர் சொல்லக் கூடாது. “செத்தவன் பேசாம இருக்கலாம்லே. உசிரோட இருக்கவன் அவனவனுக்குப் பேசணும். அடுத்தவனுக்கு எவனாவது வாயத் தொறந்தியோ, அன்னைக்கே பெட்டியக் கட்டிர வேண்டியதுதான்” என்பார். தாமதமாக வந்தவனை அவர் திட்டியதே இல்லை. இதற்கு மட்டும் அவ்வளவு கோபம்.

நான் பதினொன்று. பன்னிரண்டு என் கூட்டாளி. மாளா என்று நாங்கள் சொல்லும் பரணில் தனியாக உட்கார்ந்து பசை தடவுவது அவன் வேலை. சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம், மழைக்காலத்தில் ஒரு நாள், ஆஜருக்கு முன்னால் என்னிடம் வந்தான்.

“ஏலே, எனக்கும் சேத்து ஒரு சத்தம் போட்டுரு. எந்தங்கச்சி தாதர்ல வந்து எறங்குதா. ஒத்தையில நின்னு முழிச்சிட்டு இருப்பா.”

“அவர்ட்டயே கேட்டுட்டுப் போயேம்டே.”

“சனிக்கிழமை சரக்கு போவணும். இன்னைக்குப் போய் எவன் லீவு கேப்பான்?”

“தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு.”

“உரிச்சா நல்லதுதான. ரெண்டு பை கூடத் தைக்கலாம்.”

சிரித்துவிட்டு ஓடினான். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் வரிசையின் கடைசியில் நின்றேன். பன்னிரண்டு என்றதும் குரலைக் கொஞ்சம் கனமாக்கி ஆஜர் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் பசை டின்னில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும் சந்துக்கு ஓடி வந்துவிட்டோம். அவர் நொண்டிக்கொண்டே தலைகளை எண்ணினார். பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்தார்.

“பன்னெண்டு எங்கலே? மேலயா இருக்கான்?”

அவன் வரவே இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். சட்டத்தை மீறினேன் என்று தெரிந்துவிடுமே, இத்தனை பேர் முன்னால் கேவலமாகிவிடுமே என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஒரு சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் என் வாயிலிருந்து சத்தம் வந்தது. அது அவருக்குக் கேட்கவில்லை.

பரண் ஏணிக்குக் கீழே, அந்த மாதம் வாங்கிய புது மிஷினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். தூக்கி வந்தவர்கள் பார்த்தது மிஷினைத்தான். புது மிஷினைக் காப்பாற்றப் போய்க் கருகினார் என்று அன்று மாலைக்குள் தாராவி முழுக்கப் பேச்சாகிவிட்டது. கூட்டாளி திரும்பி வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அடுத்த மாதம் அவன் ஊருக்கே போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தனியாக அவர் பக்கத்தில் இருந்தேன். முகம் முழுக்கக் கட்டு. என் குரலைக் கேட்டதும் அதே கேள்வியைக் கேட்டார். “பன்னெண்டு பொழச்சானாலே?”

“அவன் அன்னைக்கு வரவே இல்ல, அவில்தார். நாந்தான் அவனுக்கு ஆஜர் சொன்னேன்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் சேர்த்து எழுதுகிறேன்.

“பர்மாவுல ஒரு பாலம். பின்வாங்கி வாரோம். இந்தக் கரைக்கு வந்ததும் இருட்டுல எங்க செக்சன எண்ணுனாங்க. ஏழாவது ஆளு தண்ணி மோந்துட்டு வாரேன்னு பின்னால நின்னுட்டான். அவனுக்குத் திட்டு விழுமேன்னு நான் ஆஜர் சொன்னேன். எல்லாரும் வந்தாச்சுன்னு பாலத்த வெடிச்சிட்டாங்க. விடிஞ்சதும் பாத்தா அக்கரையில நின்னு கைய ஆட்டுதான். கூப்பிட்டிருப்பான். ஆத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. எங்கள நடக்கச் சொல்லிட்டாங்க.”

அப்புறம் கேட்டார். “நான் யாருட்டயும் சொல்லல. அதாம்லே தெனமும் கூப்பிடுதேன். நீ என்ன செய்யப் போற?”

மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

ஆறு வருஷமாகிவிட்டது. இப்போது மாட்டுங்காவில் ஒரு கடையில் பை தைக்கிறேன். காலை எட்டு மணிக்கு என் மிஷின் தானாக நின்றுவிடுகிறது. கால் மிதிக்க மறுக்கிறது. அவர் நொண்டி உள்ளே போகிற முதுகு தெரிகிறது. அவருக்கு யாருமே வராத ஒரு நம்பர். எனக்கு வருவது அவரேதான்.

அவர் மனைவியும் மகளும் செம்பூரில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு மட்டும் போய் வாசலில் நின்று பலகாரம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, போன வாரம் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து போயிருந்தார்கள். அதில் ஒரு கிழவர், “மிஷினுக்காக உசிர விட்ட ஆளோட பொண்ணா?” என்று சிரித்தாராம். அந்த அம்மா அதைச் சொல்லிவிட்டு, “அவரச் சொல்லி என்னய்யா? அன்னைக்கு எங்க ரெண்டு பேர் நெனப்பும் அவருக்கு வரல. அந்த இரும்புதான பெருசாப் போச்சு” என்றார். அழவில்லை. பழகிப்போன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் எழுதினேன். அவர் மிஷினுக்காக உள்ளே போகவில்லை. பரணில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று நம்பிப் போனார். அப்படி நம்ப வைத்தது நான். இதை அவரை அறிந்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். ஆனால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் கொண்டு போகிறேன். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மகள் முனிசிபல் பள்ளியில் மராத்தி படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். என் கோணல் எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆகும். நடுவில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

1969, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.