கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கும்போது மாலினி அக்காவின் மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா" என்றாள். அக்காவின் உயிரை எடுத்த நோய் வயிற்றில் இருந்ததாம், மூன்று கிழமைக்கு முன்புதான் தெரிந்ததாம். எனக்குச் சொல்லவேண்டாம் என்று அக்கா மறித்துவிட்டாராம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? எங்கள் ஒஸ்தியோபதிக் கல்லூரியின் மாணவர் கிளினிக் அவர் பொறுப்பில் இருந்தது. நான் அங்கே விரிவுரையாளர். மருந்தில்லாமல், கையால் தொட்டு உடம்பின் நோவைப் பார்க்கும் படிப்பு அது. 'முழு ஆளையும் பார்ப்போம்' என்று கல்லூரியின் நோக்கத்தை வாசல் சுவரில் நோர்வேஜியத்தில் எழுதிவைத்திருக்கிறோம். அக்கா அதைக் கடக்கும்போதெல்லாம், "சுவருக்கு நல்லா விளங்கியிருக்கு" என்பார்.

ஒரு காலத்தில் கிளினிக்குக்கு வந்த எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் ஒரே நாளில் சுகமானார்கள். மாணவர்களின் குறிப்புகளில் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காதான் நம்பவில்லை. ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வந்த ஐயா ஒருவர் மாணவியிடம், "ஓம் ஓம், இப்ப நோவில்லை" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் கைக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றார். அக்கா மாணவியையும் என்னையும் வெளியே கலைத்தார். கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பிள்ளை வெளியிலை போயிட்டா. இப்ப சொல்லுங்கோ" என்று கேட்டாராம்.

"நோகுதுதான் தங்கச்சி. சொன்னா அந்தப் பிள்ளை சோதினையிலை பெயில் விட்டிடுமெல்லே, பாவம்."

ஐயாவின் பதிலை அக்கா எனக்கு நடித்தே காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் மாணவர் போனபின் இரண்டாம் தரம் கேட்டார். நேரம் போதாது என்று முணுமுணுத்தார் அதிபர். பிறகு நோர்வேஜியர்களும் அந்தக் கதவுக்குப் பின்னால் உண்மை பேசத் தொடங்கியதும் முணுமுணுப்பை விட்டுவிட்டார்.

கடைசியாக அவரை, லீவில் போவதற்கு முதல் நாள், கோப்பி அறையில் கண்டேன். விலாவை அமத்திப் பிடித்தபடி நின்றார்.

"என்னக்கா, நோகுதோ?"

"சீ, ஒண்டுமில்லை. நீ ஓடு, கூட்டம் தொடங்கப்போகுது."

ஓடினேன். கல்லூரியின் நோக்கத்தைத் திருத்தி எழுதும் கூட்டம் அது. அக்காவின் இரண்டாவது கேள்வியையும் அதில் சேர்க்கவேண்டும் என்று அரைமணி நேரம் விளாசினேன். எல்லோரும் சம்மதித்தார்கள். நல்ல செய்தியோடு கீழே வந்தால் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். எனக்குக் கூட்டம் பிந்திவிடக்கூடாதே என்று, அந்த ஐயாவைப் போலவே பொய் சொல்லியிருக்கிறார். நோவைக் கண்டுபிடிப்பதே தொழிலான நான், முதல் பதிலை நம்பிப் போய்விட்டேன். வெட்கக்கேடு!

அக்கா, உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. இப்போதும் கோப்பி அறையைக் கடக்கும்போது கால் தானாக நிற்கிறது. ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். கூட்டமாவது மண்ணாவது, கதவைச் சாத்திவிட்டு உங்கள் பக்கத்தில் இருப்பேன்.

செத்தவீட்டில் மகள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிந்தாள். "நான் ஓகே அன்ரி, நீங்கள் குடியுங்கோ" என்று சிரித்தாள். தட்டை வாங்கி வைத்துவிட்டு அவளை அறைக்குள் கூட்டிப்போனேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கதவைச் சாத்தினேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எல்லாரும் வெளியிலை நிக்கினம், பிள்ளை. இப்ப சொல்லு."