என் மனைவியின் காலும் பிள்ளையார் கோயில் மோட்டாரும்

பொறாமைப்படுவதில் நான் தாராளமானவன். மச்சினனின் கார், எதிர் ஃபிளாட்காரரின் தலைமுடி, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கிடைத்த ஜன்னல் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் ஒரு மோட்டாரைப் பார்த்து வயிறெரிந்தவன் மயிலாப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அரைக் குதிரைத்திறன் மோட்டார். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இரும்புச் சட்டத்தில் மாட்டிய இரண்டு முரசு, ஒரு சேகண்டி, நாலு மணி எல்லாவற்றையும் அடிப்பது அதுதான். மாலை ஆறரைக்குக் குருக்கள் சுவிட்சைப் போடுவார். தீபாராதனை முடிந்து அவர் அணைக்கும்வரை தெரு அதிரும்.

யோசித்தால் நானும் அதே தொழில்தான். சம்பளத்துக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனி. சந்தோஷத்துக்கு வீட்டில் டெக்னோவும் டிரான்ஸும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேஜை, லேப்டாப், குட்டி கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் பீரோ திறக்காது. டெக்னோ என்பது தும் தும் தும் தும் என்று ஒரே சீராகப் போவது. டிரான்ஸ் என்றால் அந்தத் தும் தும்மின் மேல் மேகம் திரள்கிற மாதிரி ஸ்வரங்கள் ஏறும். ஏறி உச்சிக்குப் போனதும் முரசைச் சட்டென்று நிறுத்திவிடுவோம். கேட்பவர்கள் தவிக்க வேண்டும். பதினாறு எண்ணிவிட்டு மொத்தத்தையும் தலையில் இறக்குவோம். அப்போது கூட்டம் குதிக்கும் என்பது ஐதீகம்.

என் கூட்டம் என் மனைவி மட்டும்தான். அவள் குதித்ததில்லை.

குதிக்க வேண்டாம், காலாவது ஆடக் கூடாதா? பதினோரு வருஷமாக நான் நடத்தும் பரீட்சை அது. புது டிராக் ஒன்றைச் செய்து முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் ஓட விட்டுவிட்டு, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து அவள் வலது காலைப் பார்ப்பேன். அது தரையில் பதிந்து கிடக்கும்.

"நல்லா இருக்குப்பா" என்பாள். "மேகம் இருட்டிக்கிட்டு வருது, மாடியில துணி கிடக்கு பாரு" என்பதையும் அதே குரலில்தான் சொல்வாள்.

அவளுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டி நான் நிம்மதியாகவே இருந்தேன். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள் மாலையில் அந்த நிம்மதி போனது. பால்கனியில் உட்கார்ந்து அவள் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே கோயில் மெஷின் கிளம்பியது. அவள் வலது குதிகால் மெல்ல எழும்பி இறங்கியது. மறுபடி எழும்பியது. அடிக்கு அடி, சுத்தமாக, சேகண்டிக்குக் கட்டைவிரலை வேறு தனியாக ஆட்டிக்கொண்டு. கண் காயில், கை காயில், கால் மட்டும் மோட்டாரோடு.

பிள்ளையாருக்காக ஆடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் மூத்தவர்.

மறுநாளே குருக்களிடம் அனுமதி கேட்டு மெஷினை ஒலிப்பதிவு செய்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கண்ணராவி. மோட்டார் மெதுவாகக் கிளம்பி, சூடானதும் வேகம் பிடிக்கிறது. இடதுபக்க முரசு எப்போதும் கொஞ்சம் பிந்துகிறது. மணிகளில் ஒன்று தோன்றியபோது அடிக்கிறது. என் டிராக்கில் ஓர் அடி மயிரிழை தள்ளி விழுந்தால் நான் சாப்பிட மாட்டேன்; இந்தக் கோணல் வாத்தியத்துக்கா அந்தக் கால் ஆடியது? மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வோர் அடியையும் இழுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். அடியில் என்னுடைய கனமான கீழ்ஸ்தாயி பேஸ் ஒன்றையும் ஓடவிட்டேன். பிறகு செருப்பைத் தேடினேன்.

"கோயில் மாதிரி இருக்கு" என்றாள். "ஆனா கோயில் பூட்டியிருக்கிற மாதிரி."

கால் அசையவில்லை.

சங்கடஹர சதுர்த்தியன்று மெஷின் நின்றுபோனது. எனக்கு விஷயம் தெரிந்தபோது வந்த சந்தோஷத்தைப் பிள்ளையார் மன்னிக்க வேண்டும். குருக்கள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணிண்டு போனேளே, அது இருக்கோன்னோ? கூட்டம் நெறைய வரும். ஸ்பீக்கர்ல போட்டுட்டேள்னா ஒப்பேத்திடலாம்."

இல்லாமல் போகுமா! குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, நான் சரிசெய்த டிராக்கோடு லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போய் நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் கடை பரப்பினேன். தெருவரை கூட்டம். முன்வரிசையில் மனைவி, செருப்பில்லாத காலோடு. பதினோரு வருஷத்தில் எனக்கு முதல் மேடை. எதிரி அவன் சட்டத்திலேயே செத்துக் கிடக்கிறான். குருக்கள் கற்பூரத் தட்டை எடுத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

நன்றாகத்தான் கிளம்பியது. முரசு இரும்பு மாதிரி விழுந்தது. கற்பூரம் ஏற்றித் தட்டு இரண்டு சுற்று சுற்றியது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: பழக்க தோஷத்தில் நடுவில் முரசை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நின்றது. உஸ்ஸென்று காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும் ஏறிக்கொண்டு போனது. டிரான்ஸ் கேட்கும் கூட்டத்துக்கு அது தவிப்பு. கோயில் கூட்டத்துக்கு மேளம் நின்றால் தீபாராதனை முடிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தோப்புக்கரணம் போட்டார்கள். கற்பூரத்தைத் தொட முன்னால் நகர்ந்தார்கள். குருக்களும் தட்டை இறக்கி வெளியே வந்துவிட்டார். நான் லேப்டாப்பில் எதை எதையோ அழுத்தினேன். பதினாறும் எண்ணி முடிந்தது.

இறங்கியது பாருங்கள் முரசு! தொட நீட்டிய கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்னால் போயின. குருக்கள் பாதி வழியில் திரும்பி உள்ளே ஓடி, மறுபடி தட்டைச் சுற்ற ஆரம்பித்தார். தோப்புக்கரணம் போட்டவர்கள் மூன்றாவதில் நிற்பதா, முதலிலிருந்து எண்ணுவதா என்று விழித்தார்கள். முன்வரிசையில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தோளெல்லாம் ஆடியது. கால் ஆடவில்லை.

"முடிஞ்சுடுத்துன்னு நெனச்சுண்டு வெளில வந்துட்டேன் சார்" என்றார் குருக்கள் பிரசாதம் கொடுக்கும்போது. "திரும்ப இடி மாதிரி விழவும், ஏதோ அபசாரம் பண்ணிட்டோமோன்னு ஆயிடுத்து."

மறுநாள் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுபவர் வந்தார். என் வயசுதான் இருக்கும். நானும் மனைவியும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், நேத்து நீதான் ஓட்டிக்கினு இருந்தியாமே? நடுவுல தூங்கிட்டியாமே?"

"அது தூக்கம் இல்லைங்க. ஸ்டைல்."

"என் மெஷினுக்கு ஸ்டைலு கெடயாது சார். போட்டா அடிக்கும், நிறுத்துனா நிக்கும்."

இதற்கு என் மனைவி சிரித்த சிரிப்பு தேவைக்குக் கொஞ்சம் அதிகம். மோட்டாரின் மேல் இருந்த பொறாமை அப்படியே இவர் மேலும் தாவியது. இடதுபக்க முரசு பிந்துகிறதே என்று கேட்டு என் ஞானத்தைக் காட்டினேன்.

"அது அப்பிடித்தான் கீது. எத்தினி வாட்டி சரி பண்றது? வுட்டுட்டேன்."

ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். பிந்தல்! அன்றே வீட்டில் என் முரசு எல்லாவற்றையும் பிந்த வைத்து, மணியைத் தாறுமாறாக்கி, போட்டுக் காட்டினேன். கால் கல்லாகக் கிடந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கேட்டே விட்டேன்.

"அந்த மெஷினுக்கு மட்டும் ஏன் காலை ஆட்டறே?"

"நானா? எப்போ?"

"தினமும். ஆறரைக்கு."

"இதைத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தியா? நான் உனக்கு முதுகுவலின்னு இல்ல நினைச்சேன்!"

அன்று மாலை மெஷின் கிளம்பியபோது அவள் தன் காலையே பார்த்தாள். சிரித்தாள். காலை மடக்கி நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். எதிரியை நான் வீழ்த்திவிட்டேன். எனக்கு மூன்று டம்ளர் பாயசம் குடித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஏனோ, பால்கனியில் எதையோ உடைத்துவிட்டு ஒளிந்திருப்பவன் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, "புதுசு ஏதாவது போடு" என்றாள். போட்டேன். கால் ஆடியது. எனக்காக, வேண்டுமென்றே, நல்ல மனதோடு ஆட்டினாள். ஓர் அடிகூடத் தாளத்தில் விழவில்லை. ஒவ்வொன்றும் பின்தங்கி, யாரையோ தேடிக்கொண்டு வந்தது. நான் அவளுக்குத் தெரியாமல் வேகத்தைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். டெக்னோ நலுங்குப் பாட்டு வேகத்துக்கு வந்தபோது முரசும் காலும் சேர்ந்தன.

"நல்லா இருக்குப்பா" என்றாள். அவள் பேசிக்கொண்டே போனாள், பக்கத்து வீட்டுக் கல்யாணம், அம்மாவின் ஆதம்பாக்கம் வீட்டுக்குப் பெயின்ட் என்று. கால் என்னோடு இருந்தது.

ஆறரை ஆனது. எதிரே சுவிட்சைப் போட்டார்கள். அவள் பேச்சை நிறுத்தவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. கால் மட்டும் ஒரு நொடி தயங்கி, என்னை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கோயிலோடு போய்ச் சேர்ந்தது. கட்டைவிரல் சேகண்டியைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு அடிவயிறு வரை எரிந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு, "ம்… அப்புறம் பெயின்ட் என்ன கலர்?" என்றேன்.