இரண்டு முறை விழுந்தவர்

பிலிம் ஒட்டும் பசைக்குப் பழுத்த வாழைப்பழத்தின் மணம் உண்டு. அது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, முகமூடி அணிந்த வாள்வீரன் படம் ஒன்று கோவையில் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்து உள்ளூர்க் கம்பெனி ஒன்று அதே முகமூடி, அதே கறுப்பு அங்கி என்று அவசரமாக இன்னொரு படம் எடுத்தது. நாயகனான அரசகுமாரனுக்குக் கிடைத்தது ஜட்கா வண்டிக் குதிரை. சண்டைகளில் நாயகனுக்குப் பதிலாக முகமூடி கட்டிக்கொண்டு குதித்தவர், சிலம்பம் தெரிந்த மில் தொழிலாளியான என் தந்தை. எங்களுக்கு அவர் "அய்யன்". கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கையில் தவறி விழுந்து அங்கேயே இறந்துபோனார். மறுபடி எடுக்க வசதியில்லாத கம்பெனி, அவர் விழுந்ததை அப்படியே படத்தில் சேர்த்தது. படத்தின் நீளம் போதவில்லையென்று அதையே சற்று நீளமாக இன்னோரிடத்திலும் ஒட்டியது.

வீட்டில் அய்யனின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. உக்கடத்தில் படம் பார்த்துவிட்டு வந்த மாமன் அம்மாவிடம் தயங்கிச் சொன்னார்: "ரெண்டாந்தடவ உழுகறப்ப முகமூடி நழுவுதுங்கக்கா. மச்சான் மூஞ்சி தெரியுது."

கணபதி டூரிங் கொட்டகைக்குப் படம் வந்ததும் அம்மா என்னோடு பெண்கள் பக்கத்து மணலில் போய் உட்கார்ந்தாள். குதிரை தானாக நின்றபோதெல்லாம், "உக்கடம் எறங்கறவங்க எறங்குங்கோ!" என்று கூவினார்கள். சண்டை நடுவே வாள் சட்டென்று இடக்கைக்குப் போனது. "ஏனுங்க, கை மாறிப்போச்சுங்கோ!" என்று விசில் பறந்தது. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அய்யன் இடக்கைக்காரர்.

அவர் விழுந்தார். அடுத்த நொடி நாயகன் தூசி தட்டி எழுந்து சிரித்தான், கூட்டம் கைதட்டியது. பிற்பாடு மறுபடி விழுந்தார், முகமூடி அசைந்தது, பிலிம் அறுந்து திரை வெள்ளையானது. ஒட்டி ஓட்டியபோது நாயகன் எழுந்து நின்றிருந்தான். மறுநாளும் போனோம், அதே இடத்தில் அறுந்தது.

கடைசி நாள், ஆட்டம் தொடங்குமுன் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆப்பரேட்டர் அறைக்கே போய்விட்டாள்.

"அந்த எடத்துல அறுக்காம ஓட்டுங்க பாய். ஒருக்கா அவரு மூஞ்சியப் பாத்துக்கறேன்."

"நானா அறுக்கறேன் அம்மணி? ஒட்டுன எடம் நிக்கமாட்டேங்குதே" என்ற பாய், விஷயம் தெரிந்ததும் கூடையை இழுத்துப்போட்டார். முதல் நாள் ஒட்டுவதற்காக வெட்டிப் போட்ட துண்டை அதில் தேடி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார். வாழைப்பழ மணம் வந்தது.

அரிக்கேன் விளக்கருகே பிடித்துப் பார்த்தோம். முகமூடி கழுத்தில் கிடந்தது. அய்யனின் வாய் அகலத் திறந்திருந்தது. அந்த இடத்தில் கொட்டகையில் கேட்டதெல்லாம் நாயகனின் சிரிப்புத்தான்; அய்யன் கத்தியது எதிலும் பதிவாகவில்லை.

"யாரைங்கம்மா கூப்பிடறாரு?"

"உன்னத்தான் கண்ணு. அய்யன் கூப்புட்டா ஏனுங்கய்யான்னு கேக்கோணுமல்ல, சொல்லு."

நான் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லேத்துப் பட்டறை. அம்மாவும் போய்விட்டாள். துண்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது, சுவர் வெளுத்துவிட்டது, திறந்த வாய் மட்டும் கறுப்பாக அப்படியே நிற்கிறது. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அதை வெளிச்சத்தில் பிடித்து, "ஏனுங்கய்யா" என்கிறேன்.